குலுக்கைக்குப் பின்னால் ஓர் அறை

சென்ற மாதம் எங்கள் ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள். பழைய கோப்புகளைக் கழித்துப்போடும்போது என் கையெழுத்தில் ஒரு பதிவேடு கிடைத்ததாம். அட்டையில் 'இல்ல அலங்காரம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மேடம், நெசமாவே கவர்மெண்டு சம்பளம் குடுத்து வீட்ட அலங்கரிக்கச் சொல்லிச்சா?"

"சொல்லிச்சு. நானும் செஞ்சேன்" என்றேன்.

அதில் ஒரு பெண் கோவில்பட்டியில் புதிதாக ஒரு சின்ன வீடு வாங்கியிருக்கிறாள். உள்ளே அலமாரி, கட்டில், சமையலறை எல்லாவற்றையும் கணினியில் படமாக வரைந்து கொடுக்க ஆள் வைத்திருக்கிறாளாம். படத்தைக் கைபேசியில் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. "நீங்க அப்ப என்ன வச்சு வரைஞ்சீங்க?" என்று கேட்டாள். கோலப்பொடி என்றதும் இருவரும் எழுதித் தரச் சொல்லி விடாப்பிடியாக நின்றார்கள். அதனால்தான் இது.

எழுபதுகளின் கடைசியில் நான் கிராம சேவிகாவாக வேலையில் சேர்ந்தேன். ஊர்ப்பெண்களுக்கு நான் 'டீச்சர்'. மாதர் சங்கம் கூட்டுவது, சத்துமாவு கிண்டச் சொல்லிக் கொடுப்பது, புகையில்லா அடுப்புப் போடுவது, தையல், இவற்றோடு கடைசி வரியாக இல்ல அலங்காரமும் எங்கள் வேலைப் பட்டியலில் இருந்தது. பயிற்சி நிலையத்தில் அதற்கு ஒரு தனிப் பாடம். எந்த நிறத்துக்கு எந்த நிறம் பொருந்தும், ஜாடியில் பூவை எத்தனை உயரத்தில் நிறுத்த வேண்டும் என்றெல்லாம் படித்துப் பரீட்சை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். வரவேற்பறை, படுக்கையறை, உணவறை என்று பாடத்தில் தனித்தனி அத்தியாயம். வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் கரிசல் ஊர்களில் முக்கால்வாசி வீடுகளுக்கு இந்த மூன்றும் ஒரே அறை. விதைப்பருத்தி, கலப்பை, கோழிக்கூடை எல்லாம் அதே அறைக்குள்தான்.

முதல் ஊரில் ஒரு வீட்டை மாதிரி இல்லமாக்கினேன். பயிற்சி நிலையத்தில் தந்த ரோஸ் நிறத் துணியில் திரைச்சீலை தைத்து வாசலில் தொங்கவிட்டேன். காகிதப் பூ செய்து ஜாடியில் வைத்தேன். மறுநாள் காலையில் முக்கிய சேவிகா பார்வையிட வரப்போகிறார் என்று மினுக்கி வைத்துவிட்டு வந்தேன். போய்ப் பார்த்தால், வீட்டுக்கார அம்மாளின் வெள்ளாடு திரைச்சீலையின் கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டு, இரண்டு பூவையும் மென்றுகொண்டிருந்தது.

முக்கிய சேவிகா என்பவர் என் மேலதிகாரி. பெயர் எஸ்தர். நாசரேத் பக்கம். எஸ்தரம்மா என்றுதான் கூப்பிடுவோம். குட்டையான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கையில் நீளமான கறுப்புக் குடை. பாதித் திரையையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆட்டுக்குப் பிடிச்சிருக்கு. வீட்டுக்காரிக்குப் பிடிச்சிருக்கா, கேட்டியா?" என்றார்.

நான் கேட்டிருக்கவில்லை.

அன்றே அந்த வீட்டில் தன் முறையைச் செய்து காட்டினார். உள்ளே போனதும் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு நான்கு மூலையிலும் போய் ஒவ்வொரு தடவை உட்கார்ந்து எழுந்தார். அதற்கப்புறம், நம்ப மாட்டீர்கள், குடையைத் தலைக்கு வைத்துத் தரையில் நீட்டிப் படுத்துவிட்டார். வீட்டுக்கார அம்மாள் பதறிப்போய்ப் பாய் எடுக்க ஓடினாள்.

"பாய் வேண்டாம்மா. படுத்தாத்தான் வீடு தெரியும்" என்றார்.

நிற்கும்போது தெரியாதது எல்லாம் படுத்தால் தெரியும் என்பது அவர் கணக்கு. யார் காலடியில் யார் தலை வருகிறது, எழுந்து வெளியே போக யாரைத் தாண்ட வேண்டும், அடுப்புப் புகை யார் மூக்குக்கு வருகிறது. எழுந்த பிறகு குடையால் அறையை அளந்தார். குடை சரியாக மூன்று அடி. கம்பில் ஒவ்வோர் அடிக்கும் கத்தியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தார். கடைசியாக, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த வீட்ல ஒனக்குன்னு எந்த எடம்?" ஆண்கள் சட்டை மாட்டும் ஆணியைக் காட்டினார்கள். பெண்கள் சிரித்துவிட்டு அடுப்பைக் காட்டினார்கள். எல்லாப் பதிலையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் இந்த முறையில் நிறைய வீடுகளுக்குள் படுத்து எழுந்தேன். சேலையில் கரிசல் மண் ஒட்டாத நாளே கிடையாது. நான் சொல்லிக்கொடுத்ததைவிட எனக்குப் பெண்கள் சொல்லிக்கொடுத்ததே அதிகம். மணியாச்சியில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மனைவி, ரயிலின் தூங்கும் பெட்டியில் பலகையைச் சங்கிலி போட்டு மடக்குவதைப் பார்த்துவிட்டு, ஆசாரியிடம் சொல்லித் தன் வீட்டுச் சுவரிலும் அதேபோல ஒன்று மாட்டியிருந்தாள். பகலில் மடக்கினால் சுவர், மாலையில் பிள்ளைகள் படிக்க மேசை, இரவில் படுக்கை. அவள் வீட்டுக்கு நான் மற்ற ஊர்ப் பெண்களைக் கூட்டிப்போய்க் காட்டினேன். கொஞ்ச நாளில் சுற்றுவட்டாரத்தில் 'ரயில் பலகை' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. கோவில்பட்டி அச்சகங்களில் நிறம் மாறி அச்சாகி ஒதுக்கிய தீப்பெட்டி லேபிள் தாள்களை வாங்கிச் சுவரில் ஒட்டலாம் என்று கண்டுபிடித்தவளும் ஒரு சங்கத்துப் பெண்தான். ஒரு தாளில் வரிசை வரிசையாகக் கிளி, இன்னொன்றில் சேவல். மண்சுவரின் வெடிப்பும் மறையும், வீடும் பளிச்சென்று ஆகிவிடும்.

இனி, நான் சொல்ல வந்த வீடு.

பசுவந்தனைக்குப் பக்கத்து ஊர். ஊர்ப் பெயரைச் சொன்னால் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். சம்சாரி வீடு, அதாவது விவசாயக் குடும்பம். சீனிச்சாமி என்பவர் குடும்பத்துக்குப் பெரியவர். நிலம் ஓரளவு உண்டு. வீடு மட்டும் ஒரே அறை. பதினெட்டடி நீளம், பதினோரடி அகலம், மேலே ஓடு. அவர், மனைவி பேச்சியம்மாள், மூத்த மகன் குருசாமி, கல்யாணமாகாத இரண்டு இளைய மகன்கள். குருசாமிக்கு ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. மருமகள் பெயர் சண்முகக்கனி, எப்போதும்வென்றான் என்ற ஊர்க்காரி. தைப் பொங்கலுக்குத் தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நகையில் குறை என்றார்கள், மாமியார் கொடுமை என்றார்கள். பேச்சியம்மாள் சங்கத்துக்கு ஒழுங்காக வருபவர். ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"நான் ஒரு சொல்லு சொன்னதில்ல டீச்சர். எதுக்குப் போனான்னு எனக்கே தெரியல. நீங்க போயி என்னன்னு கேட்டு வாங்க."

எப்போதும்வென்றான் எனக்குப் பஸ்ஸில் போகிற தூரம்தான். போனேன். கனி சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல கலகலப்பான முகம். அவள் அம்மா காப்பி போட உள்ளே போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அவிய யாரும் ஒண்ணும் சொல்லல டீச்சர். அத்தை தங்கமானவிய. அந்த வீட்ல நான் சேலை மாத்த எடமில்ல. மாமா, கொழுந்தன்மாரு, எந்நேரமும் யாராச்சும் உள்ள இருக்காவ. விடியுமுன்ன எந்திரிச்சு இருட்டோட மாத்திக்கிடணும். ஒரு நா காட்ல மழையில நனைஞ்சு வந்தேன். எல்லாரும் உள்ள இருக்காவ. ஈரச் சேலையோட தொழுவுல மாட்டுக்குப் பின்னால நின்னேன். எம்புட்டு நேரம்னு தெரியல. இதப் போயி யாருகிட்ட சொல்ல?"

"குருசாமிகிட்ட?"

"சொன்னேன். தலையத் தொங்கப் போட்டுக்கிட்டாவ. அவியளும் என்ன செய்வாவ?"

திரும்பி வந்து எஸ்தரம்மாவிடம் சொன்னேன். "நாளைக்கே போவோம். ஆனா வேலைய மாசிப் பருத்தி வீட்டுக்கு வாரதுக்குள்ள முடிக்கணும்" என்றார். அது எனக்கும் தெரியும். பருத்தி வந்துவிட்டால் அந்த வீடுகளில் மனிதர்களுக்கே இடமிருக்காது. குவியலுக்கு மேல்தான் படுக்கை.

மறுநாள் எஸ்தரம்மா வழக்கம்போல நின்றார், உட்கார்ந்தார், படுத்தார், குடையால் அளந்தார். வீட்டின் கடைக்கோடிச் சுவரை ஒட்டி இரண்டு குலுக்கைகள் நின்றன. தானியம் போட்டு வைக்கும் மண்குதிர்கள். ஆளைவிட உயரம், ஒவ்வொன்றும் நாலடி அகலம், தானியம் எடுக்க அடியில் ஒரு வாய். ஒன்றில் கம்பு, ஒன்றில் குதிரைவாலி. எஸ்தரம்மா அவற்றைச் சுற்றிப் பார்ப்பதைக் கண்டதுமே சீனிச்சாமி முந்திக்கொண்டார்.

"அம்மா, எத வேணும்னாலும் மாத்துங்க. குலுக்கைய மட்டும் தொடக்கூடாது. எங்க அய்யா வச்ச எடம்."

"தொடல அண்ணாச்சி. களத்துல கொஞ்சம் கோலப்பொடி போட்டுக்கிடலாமா?"

களத்தில் போட அவருக்கு மறுப்பில்லை. ஊர்க் களத்தைப் பெருக்கி, பதினெட்டுக்குப் பதினொன்று என்று அந்த வீட்டை முழு அளவில் கோலப்பொடியால் கோடு போட்டோம். வாசல் இருக்கும் இடத்தில் கோட்டை விட்டோம். அடுப்புக்கு மூன்று கல், உரலுக்கு ஒரு கூடை, பெட்டிக்குப் பெட்டி. எங்கள் முறையே இதுதான். பொருளை நகர்த்துவதற்கு முன்னால், வீட்டார் அந்தக் கோட்டுக்குள் ஒரு நாளை வாழ்ந்து காட்ட வேண்டும். தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வர வேண்டும், அடுப்புப் பற்றவைக்க வேண்டும், பாய் விரித்துப் படுக்க வேண்டும். கோட்டை மிதித்தால் சுவரில் முட்டியதாகக் கணக்கு. பாதி ஊர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. இளைய மகன்கள் இருவரும் சோறு சாப்பிடுவதுபோல நடிக்க, கூட்டத்திலிருந்து "கறி எங்கடா?" என்று ஒருவர் கேட்க, ஒரே சிரிப்பு.

குலுக்கைக்கு வைக்க மட்டும் எங்களிடம் ஒன்றும் இல்லை. எஸ்தரம்மா சீனிச்சாமியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்களும் ஒங்க மச்சினரும் குலுக்கையா நில்லுங்க."

கூட்டம் ஆர்ப்பரித்தது. சீனிச்சாமி நல்ல அகலமான மனிதர். அவர் மச்சினர் அதற்கும் மேல். இருவரும் கையை விரித்துக் கடைக்கோடிக் கோட்டை ஒட்டி நின்றார்கள். பேச்சியம்மாள் கம்பு எடுப்பதுபோலக் குனிந்து, கணவரின் வேட்டி நுனியை இழுத்தார். சீனிச்சாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த சீனிச்சாமி, "வெயிலு மண்டையப் பொளக்கு" என்று சொல்லிக்கொண்டு வேப்பமர நிழல் விழுந்த இடத்துக்கு முன்னால் நகர்ந்தார். மச்சினரும் பின்னாலேயே நகர்ந்தார். இருவரும் கோட்டிலிருந்து ஐந்தடி தள்ளி, ஆளுக்கொரு பக்கம் கையை விரித்து நின்றார்கள்.

நான் எஸ்தரம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, பேசாதே என்று கண்ணைக் காட்டினார்.

பேச்சியம்மாளின் முகம் மாறியது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு ஆண்களுக்கும் நடுவே புகுந்து பின்னால் போய் நின்றார்.

"ஏட்டி, நான் தெரியுதேனா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தெரியல மதினி!" என்றாள் ஒருத்தி.

"உக்காந்தா?"

"சுத்தமாத் தெரியல!"

அங்கேயே சிறிது நேரம் இருந்தார். வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "முப்பது வருசமா இந்த வீட்லதான் இருக்கேன். எனக்கே இது தோணலயே" என்றார். பிறகு கணவரின் முன்னால் போய் நின்றார். "நீங்க நிழலுக்கு நகந்த மாதிரி, அதுவும் அஞ்சடி நகந்தா என்ன கொறஞ்சு போகும்?"

சீனிச்சாமி விரித்த கையை இறக்க மறந்து அப்படியே நின்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. "பருத்திய எங்கன போட?" என்று மட்டும் கேட்டார். குலுக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதிலிருந்தே அவர் சம்மதித்துவிட்டார் என்று புரிந்துகொண்டோம்.

பருத்திக்கு வழி சொன்னது குருசாமி. அதுவரை அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. "இந்தச் சொவத்துக்கும் அந்தச் சொவத்துக்கும் பனஞ்சட்டம் போட்டுப் பரண் கட்டலாம் டீச்சர். நான் கட்டுதேன்" என்றான்.

குலுக்கையில் தானியம் அடிமட்டத்துக்குப் போயிருந்த நேரம். மிச்சத்தை மூட்டையில் கட்டிவிட்டு, உருட்டுக் கட்டைகளைக் கீழே கொடுத்து, கயிறு போட்டு எட்டுப் பேர் நகர்த்தினார்கள். இரண்டாவது குலுக்கை பாதி வழியில் விளிம்பில் விரிசல் விட்டது. எல்லார் கையும் நின்றுவிட்டது. சீனிச்சாமி விரிசலில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "மண்ணு கொழைக்கச் சொல்லு. இழுங்கலே, பாத்துக்கிட்டு நிக்கீக!" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் வைக்கோல் மண் வைத்துப் பேச்சியம்மாள் அதைப் பூசிவிட்டார்.

நாலும் நாலும் எட்டு. நடுவில் மூன்றடி, அதுதான் வாசல். குலுக்கையின் வாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் எஸ்தரம்மா கண்டிப்பாக இருந்தார்.

"வாயி வெளிய பாக்கணும். தானியம் எடுக்கணும்னு சாக்குச் சொல்லி ஒருத்தரும் உள்ள வரக்கூடாது."

உள்ளே ஐந்துக்குப் பதினொன்று இடம் கிடைத்தது. பரணைப் பாதிக்கு மட்டும் போட்டான் குருசாமி. மீதிப் பாதிக்கு மேலே கூரையில் ஒரு மண் ஓட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தான். அந்தக் கண்ணாடி ஓட்டைக் கோவில்பட்டியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்ததாகப் பிறகு கனி சொன்னாள். குலுக்கை இரண்டுக்கும் சுண்ணாம்பு அடித்து, நடுவில் காவிப் பட்டை இழுத்தோம். உள்சுவருக்கு லேபிள் தாள். மூன்றடி வாசலுக்குப் பேச்சியம்மாளின் பழைய சுங்குடிச் சேலை இரட்டையாக மடித்த திரையாயிற்று. ஆடு எட்டாத உயரத்தில் முடிந்தது. குலுக்கையின் முதுகில் ஒரு பலகை. சேலை போடக் கொடி. கண்ணாடியைத் திரைக்கு நேராக மாட்டப் போனேன். எஸ்தரம்மா கையைப் பிடித்துப் பக்கச் சுவருக்குக் கொண்டுபோனார். "திரை வெலகுனா கண்ணாடி காட்டிக் குடுத்துரும்." எந்த உயரத்தில் மாட்டுவது என்று குருசாமியைக் கேட்டேன். கையைத் தன் தோளுக்கு வைத்து, "இம்புட்டு ஒசரம் இருப்பா" என்றான். அங்கேயே மாட்டினோம்.

நான் எப்போதும்வென்றானுக்குப் போகவில்லை. பேச்சியம்மாளே போனார். என்ன பேசிக்கொண்டார்களோ, மறுநாள் இருவரும் ஒன்றாகப் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். கனி உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

சித்திரையில் எங்கள் ஒன்றியத்தில் 'அழகிய இல்லம்' போட்டி நடந்தது. பரிசு ஒரு எவர்சில்வர் குடம். சீனிச்சாமி வீட்டுக்குத்தான் கிடைக்கும் என்று நான் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். எஸ்தரம்மா, விரிவாக்க அலுவலர் ஒருவர், பஞ்சாயத்துத் தலைவர் என மூன்று பேர் பார்வையிட வந்தார்கள். முன்பகுதியை எல்லாம் பார்த்து மெச்சினார்கள். பிறகு அலுவலர், "அந்த அறை எங்கே?" என்று குலுக்கையை நோக்கி நடந்தார். சீனிச்சாமி குறுக்கே வந்து நின்றார்.

"மருமக உள்ள இருக்கா சார். அவ கூப்பிட்டாத்தான் போகணும். நானே அப்படித்தான்."

"செத்த பொறுங்க, சேலை மாத்துதேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

நாங்கள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று ஊர் பாக்கி. "பார்க்காமல் எப்படி மார்க் போடுவது?" என்றார். நான் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று நகர்ந்தேன். எஸ்தரம்மா குடையை என் முன்னால் நீட்டி மறித்தார்.

"ரூம்புன்னா அப்படித்தான் சார். நிக்கணும்" என்றார்.

அலுவலர் நிற்கவில்லை. தலைவரோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். குடம் வேறொரு ஊருக்குப் போயிற்று.

அவர்கள் போன பிறகுதான் திரை விலகியது. கனி அரக்குச் சேலை கட்டி, தலை சீவி, பூ வைத்து, கல்யாணத்துக்குப் புறப்பட்டவளாக வந்து நின்றாள். யாரையும் காணாமல் விழித்தாள்.

"போய்ட்டாங்களா?"

"போய்ட்டாங்க. குடமும் போச்சு" என்றார் எஸ்தரம்மா.

கனிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேச்சியம்மாள் சிரித்தார். சீனிச்சாமி வெளியே போய்ச் சிரித்தார்.

"போனாப் போவுது. நீங்க உள்ள வாங்க" என்று திரையை ஒதுக்கிப் பிடித்தாள் கனி. எஸ்தரம்மா வாசலிலேயே செருப்பையும் குடையையும் வைத்துவிட்டு நுழைந்தார். கண்ணாடி ஓட்டிலிருந்து விழுந்த வெயில் வட்டத்தில், முழங்கால் முழங்காலோடு இடிக்க, நாங்கள் நான்கு பெண்களும் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்தோம். வெளியிலிருந்து சீனிச்சாமி, "எனக்கு உண்டுமா?" என்று கேட்டார். "அங்கனயே இருங்க மாமா, கொண்டாரேன்" என்றாள் கனி.